எறா கம்பெனி வாசலில் பெரியம்மா

ராயபுரத்தில் எங்கள் பெரியம்மாவைத் தெரியாத எறா கம்பெனி கிடையாது. இறால் உரிக்கும் பெண்களின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. பர்தாவின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு அவள் நடந்து வந்தால், சூப்பர்வைசர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், அவள் வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் தெரு முஸ்லிம் பெண்களை மட்டும் இனி வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பெரியம்மாவையும் சேர்த்துத்தான். சேதி கேட்ட மாமா, "நம்ம ஜனம் படிக்கல, அதான் இந்தக் கதி" என்றார்.

"நீ படிச்சியே, உன்ன எவன் வேலைக்குக் கூப்ட்டான்?" என்று மட்டும் பெரியம்மா கேட்டாள். மாமா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, நிறுத்தப்பட்ட பெண்களோடு என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனாள். வேலைக்கு வந்த காசிமேட்டுப் பெண்கள் எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். அவர்களில், கழுத்தில் சிலுவை போட்ட அக்கா ஒருத்தி பெரியம்மாவின் பக்கத்து மேசைக்காரி.

"நாங்க இன்னாக்கா பண்றது? எங்களுக்கும் புள்ளகுட்டி கீதே" என்றாள்.

பெரியம்மா கத்தவில்லை. "என் பேரு புடிக்காமத்தான் நிறுத்துனான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த தைரியம் எங்கந்து வந்துச்சு? என்ன வெளிய தள்ளுனா நீ கேக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். எங்க கஷ்டமே அதுலதான் கீது. நாளைக்கு உன் கூலியக் கொறப்பான். அப்போ கேக்க நான் உள்ள இருக்கமாட்டேன்."

அக்கா கையிலிருந்த உறைகளை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏற, இறால் லாரியிலிருந்து ஐஸ் கரைந்து ஒழுகியது. சரக்கு கெட்டுவிடும் என்ற பயத்தில் மதியத்துக்குள் மேனேஜர் இறங்கிவந்தார். எங்கள் தெருப் பெண்கள் உட்பட எல்லோரும் வேலைக்கு வரலாம், தலைவியைத் தவிர.

பெண்கள் ஒப்பவில்லை. பெரியம்மாதான் எழுந்து, "எறா கெட்டுப் போவுது, உள்ள போங்க. சங்கத்த நான் வெளிய இருந்தே பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தாள். சிலுவை போட்ட அக்கா அழுதுகொண்டே போனாள். ஜெயித்த பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும், தினமும் காலையில் பெரியம்மாதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். கம்பெனிக்குப் போன நாட்களில் அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததே இல்லை. அதுவும் அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து நாங்கள் கேட்டு வாங்கியதுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.