மதுமதி மாடிப்படிக்குத் தூண் தேடியது

மதுமதிக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும், அவன் சொல்லும் குறையையெல்லாம் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும், கடைசியில் ஓர் ‘ஓகே’ வாங்க வேண்டும். இதுதான் அந்த வேலை. கழுத்து அரை சென்டிமீட்டர் அகலம் என்பான், குறைப்பாள். இப்போது இறுக்கம் என்பான், கூட்டுவாள். அந்தச் சட்டை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று இத்தனை வருடத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்பா போன பிறகு அண்ணன் கல்யாணம், அம்மா வைத்தியம் என்று ஓடிய ஓட்டத்தில், தன் கல்யாணம் எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போனதென்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் பொங்கலூர் போகிற வழியில் சின்னதாக ஒரு மாடி வீடு எழுப்பிவிட்டாள். வீடு அவள் பேரில்தான். ஆனால் தரைக்கு டைல்ஸ் அண்ணன் எடுத்தது, சமையலறை அண்ணி சொன்னது, சுவருக்குப் பெயின்ட் இன்ஜினியர் இஷ்டம். மாடிப்படிக் கைப்பிடி ஒன்றுதான் மிச்சம்.

“இதையாச்சும் நான் சொல்றனுங்ண்ணா. மரத்துல போடலாம்னு இருக்கறேன்” என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் சண்முகவேல் சிரித்தார். “சொல்லு கண்ணு, ஆருக்கு வேண்டாம்? ஆனா பால் காய்ச்சறதுக்குள்ள படி முடியோணும். ரெண்டு வாரம் டைமு. அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவுக்கு வரலீன்னா, நானே ஸ்டீல் பைப்பு போடச் சொல்லிருவேன்.”

அன்று பிடித்தது அவளுக்குத் தலைவலி. மரக்கடைக்குப் போனால் தேக்கு என்கிறார்கள், வேங்கை என்கிறார்கள், துண்டுகளை ஒட்டிச் செய்ததும் இருக்கிறது, விலை பாதி என்கிறார்கள். பழக்கதோஷத்தில், “இது எத்தனை பர்சன்ட் சுருங்குமுங்க?” என்று கேட்டுவைத்தாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இது மரமுங்க, துணி இல்லீங்க” என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

நல்லவேளை, கூட ஆரோக்கியராஜ் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடமாகத் திருப்பூரில் மரவேலை செய்கிறவர். “நீங்க சுருங்குமான்னு கேட்டதுல ஒரு தப்புமில்லக்கா. பச்சக் கட்டை ஆறே மாசத்துல முறுக்கிக்கிடும். பழைய வீட்டு உத்தரம் வந்து கெடக்கு பாருங்க. நல்லாக் காஞ்ச முழுத் தேக்கு. அதை எடுங்க” என்றார். எடுத்தார்கள். கைப்பிடியைத் தாங்கப் படிக்கு ஒரு தூண், பதினான்கு படிக்குப் பதினான்கு தூண்.

அதோடு விட்டாளா? எந்த வடிவில் கடைவது என்று ஆரோக்கியராஜ் கேட்டதும் கம்பெனி மூளை விழித்துக்கொண்டது. “முதல்ல ஒரு சாம்பிள் போடுங்க” என்றாள். போட்டார். அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினாள். மேலே மொட்டையாக இருக்கிறது என்றார் அண்ணன். கீழே கனம் போதாது என்றார் அண்ணி சித்ரகலா. வளையம் இருந்தால் களையாக இருக்கும் என்றது ஆபீஸ். எல்லாவற்றையும் அளவோடு தாளில் அடித்துக் கொடுத்தாள். இரண்டாவது சாம்பிள் வந்தது. வளையத்தில் தூசி சேரும் என்றாள் அம்மா. மூன்றாவது வந்தது. இப்படியே ஏழு. ஒவ்வொன்றின் கழுத்திலும் நம்பரும் தேதியும் சொன்னவர் பெயரும் எழுதிய அட்டை. எல்லார் குறையையும் தீர்த்து வந்த ஏழாவது தூண், மிளகாய் இடிக்கிற உலக்கை மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. பத்து மணிக்கு ஸ்டீல்காரரோடு அண்ணன் வருவதாக ஏற்பாடு. எட்டரைக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கீழ் ஏழு படிகளிலும் ஏழு தூண்களை வரிசையாக நிறுத்தி, கிளாம்ப் போட்டுப் பிடித்து வைத்திருந்தார் ஆரோக்கியராஜ்.

“கையில வச்சுப் பாத்தா ஒண்ணும் வெளங்காதுக்கா. நிக்க வேண்டிய எடத்துல நிக்கட்டும்னு வச்சேன்.”

மதுமதி தூண்களின் கழுத்தைப் பார்த்தாள். அட்டைகளைக் காணோம்.

“தம்பி, டேக் எங்கீங்க?”

“கிளாம்புக்கு எடைஞ்சலா இருந்துச்சு. அத்துப் போட்டுட்டேன். அந்தா, சீவலோட கெடக்கும்.”

“அத்துப் போட்டீங்களா! எது எத்தனாவதுன்னு இப்ப எப்படிங்க தெரியும்? ஆரு எதைச் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?” இரண்டு வார உழைப்பு, அத்தனை பேர் அபிப்பிராயம், எல்லாம் மரச்சீவலில் கிடந்தன. மண்டியிட்டு அட்டைகளைப் பொறுக்கினாள். ஏழும் கிடைத்தன. எது எதனுடையது என்றுதான் தெரியவில்லை. போனில் இருந்த படங்களிலும் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“தெரியாமப் பண்ணிட்டேன்க்கா” என்று தலையைச் சொறிந்தார் ஆரோக்கியராஜ். “சரி விடுங்க. இதுல எது வேணும்னு சொல்லுங்க, மிச்சத்தையும் அதே மாரி கடைஞ்சிடுதேன்.”

எது வேணும்! அட்டை இல்லாத ஏழு கட்டைகளையும் மதுமதி வெறித்துப் பார்த்தாள். எந்தக் குறையை யார் சொன்னது என்று யோசித்தாள். எல்லாம் குழம்பிப் போயிற்று. மேலே ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். உலக்கையை மட்டும் அடையாளம் தெரிந்தது, அது வேண்டாம். மற்ற ஆறும் மரம், அவ்வளவுதான். நாலைந்து தரம் ஏறி இறங்கியதில், ஒரு தூணிடம் வரும்போது மட்டும் கால் கொஞ்சம் நிற்பது தெரிந்தது. மெலிந்த தூண். நடுவில் லேசாக ஒரு வளைவு, வேறொன்றும் இல்லை. தன் கால்தானா நின்றது என்று சந்தேகம் வந்து, இன்னொரு தரம் நடந்து பார்த்தாள். நின்றது.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அண்ணன் வந்துவிட்டார். ஸ்டீல்காரர் டேப்பை இழுத்தபடி பின்னால் வந்தார். அதற்குள் அவள் கைகாட்டிய அந்த மெலிந்த தூணை ஆரோக்கியராஜ் முதல் படிக்குக் கொண்டுவந்திருந்தார். படியில் துளை போட்டு இரும்புக் கம்பி நட்டிருந்தது. பசையும் தயாராக இருந்தது.

“இது எத்தனாவது சாம்பிளு?” என்றார் அண்ணன்.

“தெரியலீங்ண்ணா.”

“ஆரு சொன்ன டிசைனு?”

“அதும் தெரியலீங்க.”

“அப்பறம் எதுக்கு இது?”

ஆபீசாக இருந்தால் நாலு காரணம் வரிசையாக எழுதியிருப்பாள். வாயைத் திறந்தாள்.

“எனக்குப் புடிச்சிருக்குதுங்ண்ணா” என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். நிஜமாகவே பிடித்திருக்கிறதா, அவசரத்தில் வந்த வார்த்தையா என்று பயமாக இருந்தது.

அண்ணன் தூணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஸ்டீல்காரர் டேப்பைச் சுருட்டுவதா விரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

“பசை போட்டு எறக்கிட்டா பெறவு மாத்த முடியாதுக்கா” என்றார் ஆரோக்கியராஜ். “பேத்து எடுத்தாக் கட்டையும் போவும், படியும் போவும். எறக்கட்டா?”

மதுமதி பழக்கத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஆண்கள் தன் ஒரு சொல்லுக்காக நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இது சரியா தப்பா என்று தெரியவில்லை. நாளைக்கே வெறுத்துப்போகுமோ, அதுவும் தெரியவில்லை.

“எறக்குங்க” என்றாள்.