பாலிக் என்றால் என்ன?

என் சித்தியை அவர் கணவரிடமிருந்து பிரித்தவன் நான். அப்போது எனக்கு எட்டு வயது. மன்னிப்புக்காக வயதைச் சொல்லவில்லை. சொல்வது பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

துரியான் பருவம் வந்துவிட்டால் பினாங்கில் எங்கள் வீடு பயணப் பேச்சாகவே கிடக்கும். தீவின் மறுபக்கம், மலைகளுக்கு அப்பாலுள்ள பாலிக் பூலாவுக்குப் போவோம்; வீட்டுப் பேச்சில் அது வெறும் 'பாலிக்'. சித்தப்பா சாப்பாட்டு மேசையில் சுண்ணக்கட்டியால் பாதையை வரைவார். ஆயர் ஈத்தாம் தாண்டியதும் வளைவுகள், பிறகு ஜாதிக்காய்த் தோப்பு, ஓடையோரம் கட்டுச்சோறு, சீனர் தோட்டத்துக் குடிசையில் படுக்கை. பழம் விழும் சத்தம் கேட்டால் யார் எழுந்து ஓடுவது என்பது வரை திட்டத்தில் இருக்கும்.

அந்த வருடம் வாடகைக் காருக்கு ஓர் ஆள் கூடிப்போனது. சித்தப்பா நாகப்பட்டினம் போய்க் கல்யாணம் செய்து, சித்தியைக் கப்பலில் அழைத்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"சின்னவன் அடுத்த முசிம் வரட்டும்லா," என்றார் அப்பா, என்னைக் காட்டி. முசிம் என்றால் பருவம். அந்த நிமிடமே சித்தி எனக்கு ஆகாதவரானார்.

அவருக்கு மலாய் தெரியாது. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி மலாய். புரியாத சொல்லை என்னிடம்தான் ரகசியமாகக் கேட்பார். குழம்பில் உப்புக் கூடினால் என் அம்மா, "இன்னொரு வாட்டி இப்படி வச்சா கப்பல்ல ஏத்தி அனுப்பிருவோம்லா," என்பார். எல்லோரும் சிரிப்போம். சித்தியும் சிரிப்பார், சற்றுத் தாமதமாக.

அன்று மாலை அவர் கேட்டார்: "ஏன்டா தம்பி, பாலிக் பாலிக்னு பேசிக்கிறாங்களே, அப்படின்னா என்ன?"

"திரும்பிப் போறது, சித்தி."

"யாரு?"

"நீங்கதான். கார்ல ஜெட்டிக்குக் கொண்டுபோயிக் கப்பல்ல விட்டுருவாங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

சொல்லின் பொருளை நான் சரியாகத்தான் சொன்னேன். மறுநாள் சித்தி பால்காரரிடம் விசாரித்தார். "பாலிக்னா திரும்பிப் போறதுதான், அக்கா," என்றார் அவரும்.

பிறகு சித்தப்பாவிடம் போனார். நான் கதவோரம் நின்றேன்.

"பாலிக் போறது நிசந்தானா?"

"நிசந்தான். எல்லாம் பேசியாச்சு." சித்தப்பா சுண்ணக்கோட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "உன்ன வச்சுத்தானே இந்த ஏற்பாடே. துணியெல்லாம் எடுத்து வை."

சித்தி எடுத்து வைத்தார். துரத்தப்படுமுன் தாமே போய்விடுவது என்று முடிவு செய்திருக்கிறார். பயணத்துக்கு முந்தின நாள், வளையலை விற்றுச் சீட்டு வாங்கி, ஊர் திரும்பிய பக்கத்து வீட்டாரோடு கப்பலேறிவிட்டார். மறுநாள் வாசலுக்கு வந்த காரைத் திருப்பி அனுப்பினார்கள்.

"சொல்லாமப் போனவள நான் கூப்பிட மாட்டேன்," என்றார் சித்தப்பா. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; மனைவி உயிரோடிருக்க மறுமணம் கிடையாது. அவர் தனியாகவே இருந்து செத்தார். அதுவரை நான் வாய் திறக்கவில்லை.

ஆசிரியர் வேலையில் சேர்ந்து, முதல் நீண்ட விடுமுறையில் நாகப்பட்டினம் போனேன். சித்தி அவர் அண்ணன் வீட்டில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா இறந்த செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. மற்றதையெல்லாம் சொன்னேன், காரில் இடமில்லாததையும் சேர்த்து. மெஷின் நின்றது.

"அப்ப என்னை எங்கதான் கூட்டிட்டுப் போறதா இருந்தாரு?"

வளைவுகளைச் சொன்னேன். தோப்பை, ஓடையை, குடிசையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"என்னை அனுப்பப் பாத்தாருன்னு இத்தனை வருசம் அந்த மனுசனத் திட்டியே காலத்த ஓட்டிட்டேன்டா. அதாவது எனக்குத் துணையா இருந்துச்சு. இப்ப அதையும் வந்து எடுத்துட்டியே."

என்னைத் திட்டுங்கள் என்றேன். திட்டவில்லை. தைத்த துணியை மடியில் வைத்து நீவினார்.

"இடமில்லைன்னா என்ன, என் மடில உக்காந்து வந்திருக்கலாமேடா," என்றார்.

எட்டு வயதில் எனக்கு அது தோன்றவே இல்லை.