திரிந்த பால்

குற்றாலத்தில் சாரல் சீசனில்தான் என் தங்கையின் நிச்சயதார்த்தம் நடந்தது. விருந்துக்கு வந்த சமையல்காரருக்குத் தொந்தி முன்னே வரும், ஆள் பின்னே வருவார். எதையும் ருசி பார்க்க மாட்டார். கரண்டியை முகர்ந்து, பெரிய ஞானி போலக் கண்ணை மூடிக்கொள்வார். பாயசத்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த பாலில் வெல்லத்தைப் போட்டார் அந்த ஞானி. பால் திரிந்துவிட்டது.

“என்ன ஓய், இப்படிப் பண்ணிட்டீரே!” என்றேன்.

“சாரக்காத்துக்குப் பாலு திரியத்தான் செய்யும். அருவிகிட்டப் போயிக் கேளும்.”

கூச்சமே இல்லாமல் அதை வடிகட்டி, நெய்யும் ஏலக்காயும் சேர்த்துக் கிளறி, “அரமனைப் பலகாரம்” என்று இலையில் வைத்தார். மாப்பிள்ளையின் அப்பா விரலை நக்கிக்கொண்டே, “கல்யாணத்துக்கும் இவரையே சொல்லிருங்க” என்றார்.

அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டு அழைக்கப் போனவன் நான்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “இந்தத் தடவையாவது நல்ல பாலா வாங்கித் தாரும், அண்ணாச்சி.”