பூச்சை உறங்குகிறது

எங்கள் மகள் மீனுவைத் தூக்கி அணைத்தால் அவள் நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு கைக்குத் தட்டுப்படும். மடியில் படுத்த பூனை குர்ரென்று சொல்லுமே, அதே மாதிரி. கரமனையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கவே அவளைத் தூக்குவார்கள். அப்படித்தான் பூச்சை என்று பேர் விழுந்தது. இந்த ஊர் மலையாளத்தில் பூனைக்கு அதுதான் பேர்.

மூன்று வயதில், நாலு வாய் சோறு உண்பதற்குள் அவளுக்கு நெற்றி வியர்த்தது. அங்கன்வாடிக்குப் போகிற வழியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறிப் பூச்சை என்று அதற்கும் கேலி செய்தோம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா நெஞ்சில் கை வைத்ததும் இந்த அதிர்வு எப்போதிலிருந்து என்று கேட்டார். என் கணவர் ஓட்டலில் சமையல்காரர். மகளைப் பற்றிப் பெருமை பேச இடம் கிடைத்தால் விடமாட்டார்.

"ஜனிச்சதுல இருந்தே உண்டு டாக்டரே. அதனாலதான் பூச்சன்னு விளிக்கோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொன்னார். மிட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள கதவு) சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இத்தனை நாள் ஊரைக் கூட்டிக் கொஞ்சியது அந்தக் கசிவைத்தான்.

செயற்கை வால்வு குழந்தையோடு சேர்ந்து வளராது, ஆகவே முடிந்தவரை அவளுடைய வால்வையே தைத்துச் சரிசெய்யப் பார்ப்போம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் சர்ஜன். ஆபரேஷன் நாளன்று வராந்தாவில் காத்திருந்தபோது, எனக்கென்று வாங்கி வந்த சாயாவை என் கணவர் மறந்து தானே குடித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. மாலையில் சர்ஜன் வந்து, தைத்ததில் அவளுடைய வால்வே போதுமானதாக இருந்தது, இனி கசிவு திரும்புகிறதா என்று பார்த்துவர வேண்டும் என்றார்.

வார்டுக்கு மாற்றிய அன்று, மீனுவின் நெஞ்சுக் கட்டுக்குப் பக்கத்தில் மெல்லக் கை வைத்தேன். அதிர்வு இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தேன். நர்ஸ் மீனுவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாள்.

"அது போகணும்னுதானே சேச்சி ஓபரேஷன் செஞ்சது."

இதே வார்டில் நாளை நிற்கப்போகும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன், குணமான உடம்பு முதலில் யாருடையதோ போலத்தான் இருக்கும். நான் அழுதேன். அந்த அதிர்வு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூச்சை எங்கே என்று மீனுவே கேட்டாள். உறங்குகிறது என்று சொல்லிச் சமாளித்தார் அவள் அப்பா. அன்றிலிருந்து மிக்சி போட்டால்கூட எங்களைத் திட்டுவாள்.

முதல் ரெவியூவுக்கு (மறுபரிசோதனை) கசிவு திரும்பியிருக்குமோ என்ற பயத்தோடுதான் போனேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை எடுத்ததும் மீனு உதட்டில் விரல் வைத்தாள்.

"மெல்ல டாக்டரே. பூச்ச உறங்குது."

டாக்டர் கண்ணை மூடி நெடுநேரம் கேட்டார். "நல்ல உறக்கம்தான், கேட்டோ" என்றார்.

அடுத்த ரெவியூ ஓணம் கழிந்து. எங்கள் வீட்டில் காலம் இப்போது ரெவியூவுக்கு ரெவியூதான் நடக்கிறது. மத்தியானம் அவள் உறங்கும்போது என் உள்ளங்கை தானாகவே அந்த இடத்துக்குப் போகிறது. வெறும் துடிப்பு மட்டும் தட்டுப்பட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.