ஆயிரத்தானின் உயரம்

காலை 4.40, ஷார்ஜா. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊரே போர்வைக்குள் இருக்கும் நேரத்தில் நான் பார்க்கிங்கில் நின்று, காரின் பின்சீட்டில் கிடத்திய சர்வே கருவியின் முக்காலிக்கு சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி போன் செய்தாள்.

"எனக்குக்கூட இவ்வளவு பதமா நீங்க பெல்ட் மாட்டிவிட்டதில்ல. தண்ணி வெச்சிருக்கீங்களா?"

"பதினோரு லிட்டர்."

"ஒரு மலை எவ்வளவு உசரம் இருந்தா உங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்விதான். வண்டியை எடுத்துவிட்டேன். ராஸ் அல் கைமாவில் உள்ள கல்குவாரிக்கு 112 கிலோமீட்டர். பதிலை யோசிக்க அவ்வளவு தூரம் போதும்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு திருச்சியிலிருந்து நான் முதலில் வந்து இறங்கியது அந்தக் குவாரிக்குத்தான், சர்வேயராக. ஒரு லீவு நாளில், நாங்கள் தங்கியிருந்த கேம்புக்குப் பின்னால் நிற்கும் மலையில் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் அது 1003 மீட்டர் என்றது. இறங்கி வந்து மெஸ்ஸில் சாப்பிடும்போது, "ஆயிரத்துக்கு மேலதான் இருக்கு" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டேன். அந்த மலைக்கு அரபியில் ஒரு பெயர் உண்டு. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து கேம்புத் தமிழர்களுக்கு அது 'ஆயிரத்தான்' ஆகிவிட்டது. குவாரி வாசலில் 1000 மீ. என்று போர்டும் வந்துவிட்டது. அந்தக் கையடக்கக் கருவி பத்துப் பதினைந்து மீட்டர் கூசாமல் பொய் சொல்லும் என்பது எனக்கு அப்போதே தெரியும். இருபத்துநாலு வயதில் அதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வார்கள்?

போன மாதம் முருகேசன் அண்ணன் போன் செய்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். அந்தக் குவாரியில் பாறையில் துளை போடும் டிரில்லராகப் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். வருகிற வியாழக்கிழமை மொத்தமாக ஊருக்குப் போகிறார்.

"சார், வீட்டுல இத்தன வருசமா ஆயிரம் மீட்டர் மலைக்கு அடியில வேல பாக்குறேன்னு சொல்லிட்டேன். என் மக காலேஜுல ஜியாக்ரபி படிக்கிது. ஒரு மேப்புல 998-ன்னு போட்டுருக்காம், இன்னொண்ணுல 1002-ன்னு போட்டுருக்காம். எதுப்பா சரிங்குது. நான் என்னத்தச் சொல்ல? சொன்னவரு நீங்கதானே சார்."

இது ஒரு காரணம். இன்னொன்று என் சொந்தக் காயம். ஏழு மாதத்துக்கு முன்பு, துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்த்தேன். கருவி நிற்கும் கம்பை என் உயரத்துக்கு வசதியாக 1.80 மீட்டருக்கு இறக்கிக்கொண்டவன், கணக்கில் 2.00 என்றே விட்டுவிட்டேன். இருபது சென்டிமீட்டர். கான்கிரீட் போட்ட பிறகுதான் தெரிந்தது. உடைத்தார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. ஆனால் அன்று முதல் எனக்கு ஆபீஸ் டியூட்டி. எந்த மட்டத்துக்கும் நான் கையெழுத்துப் போடக்கூடாது. ஏழு மாதமாக மற்றவர்கள் அளந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு உயரத்தையாவது என் கையால் சரியாக அளந்துவிட வேண்டும் என்ற வெறி வந்திருந்தது.

6.05. வழியில் ஒரு மலபார் டீக்கடையில் கெட்டியான கடக் டீ ஒன்றரைத் திர்ஹம், பரோட்டா ஒன்றரைத் திர்ஹம். ஆறு பரோட்டா பார்சல். 6.20-க்குக் குவாரி வாசல். பெஷாவர்க்காரரான காவலர் கான் பாய், ஆபீஸில் நான் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்த அனுமதிக் கடிதத்தை டார்ச் அடித்து இரண்டு தரம் படித்தார். மலையை அளக்கப் போகிறோம் என்றதும் போர்டைக் காட்டி, "லிக்கா ஹை நா, பாய்?" என்றார். எழுதித்தானே இருக்கிறது என்று கேட்கிறார். எழுத வைத்தவனே வந்திருக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, "யல்லா" என்று தடுப்பைத் தூக்கினார்.

முருகேசன் அண்ணன் ஆபீஸ் வாசலிலேயே நின்றார். வயது ஐம்பத்திரண்டு. நீலச் சட்டை, பாதுகாப்பு ஷூ, இடுப்பில் ஒரு சின்னச் சுத்தியல்.

"சுத்தியல் எதுக்கு அண்ணே?"

"இல்லாம நடந்தா கையி வெறுங்கையா இருக்கும் சார்."

ஆபீஸ் முற்றத்தில் உயரம் தெரிந்த ஒரு பித்தளை ஆணி இருக்கிறது. அதன்மேல் ஒரு கருவியை நிறுத்தினேன். இன்னொரு கருவி எங்களோடு உச்சிக்கு வரும். இரண்டும் ஒரே நேரத்தில் செயற்கைக்கோள்களைக் கேட்கும். கீழே இருப்பது தன் உயரத்தை வைத்து மேலே இருப்பதன் உயரத்தைச் சொல்லும். பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆணியில் சோதித்தேன். ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனது. கருவி தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை டேப்பால் மூன்று முறை அளந்து, மூன்றையும் நோட்டில் எழுதினேன். அண்ணன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணும் ஒண்ணுதானே சார்" என்றார். ஒன்றாக இருப்பதற்குத்தான் மூன்று முறை என்றேன்.

7.05. ஏறத் தொடங்கினோம். குவாரிக்கு வடக்கே வறண்ட ஓடைப் பள்ளம் ஒன்றரைக் கிலோமீட்டர், அதற்குப் பிறகு பாதை என்று ஒன்றும் கிடையாது. ஆடு போன தடம்தான். சுண்ணாம்புப் பாறை, தொட்டால் கையைச் சீவும். முக்காலி ஆறு கிலோ, அதை அண்ணன் பிடிவாதமாகத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம், கீழே ஏதோ பார்ப்பது போல அவரும் நின்றார். அந்த மரியாதையைக் கண்டுகொள்ளாதது போல நானும் நின்றேன்.

9.10, சுமார் 540 மீட்டர். மலைக்காரர்கள் எப்போதோ கல் அடுக்கிச் சமன் செய்த ஒரு சின்ன வயல், கூரை போன ஒரு கல்வீடு. அங்கே பரோட்டாவைப் பிரித்தோம். அது அதற்குள் தோலாகியிருந்தது. கீழே சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள், அதற்கப்பால் மங்கலாகக் கடல்.

"ஊருக்குப் போயி என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல சார். மொதல்ல ஒரு மாசம் தூங்கணும். பாறைச் சத்தம் கேக்காம." கொஞ்சம் கழித்து, "ஆயிரம் வந்துரும்ல?" என்றார்.

வரும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படிச் சொல்லித்தான் பதினோரு வருஷம் ஓடியிருக்கிறது. "அளந்துட்டுச் சொல்றேன் அண்ணே" என்றேன்.

11.20. உச்சி. ஒரு லாரி நிறுத்தும் அளவுதான் இடம். அதன் நடுவே எல்லாவற்றையும்விட மேலெழும்பி ஒரு கல் கிடந்தது. சுற்றிலும் மண் ஏறி, காய்ந்த புல் முளைத்து, ஆட்டுப் புழுக்கை சிதறி, மலையோடு மலையாகவே தெரிந்தது. அதன் தலைக்கு நேராக முக்காலியை விரித்தேன். கல்லிலிருந்து கருவியின் உயரத்தை மூன்று முறை அளந்தேன், எழுதினேன், அண்ணனையும் ஒரு முறை படிக்கச் சொன்னேன். 11.40 முதல் 12.40 வரை, ஒரு மணி நேரம் கருவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். காற்று காதை அறுத்தது.

எண் வந்தது. 1000.09.

நான் சத்தமாகப் படித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. ஒன்பது சென்டிமீட்டர். பிழையைக் கழித்தாலும் ஆயிரத்துக்கு மேலே. இருபத்துநாலு வயதில் அளந்த பொய் உண்மையாகிவிட்டது. அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவரும் சிரித்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார். பிரியப் போகிற மனிதர், இருக்கட்டும் என்று நான் பெட்டியைத் திறந்து கருவியைக் கழற்றத் தொடங்கினேன்.

"சார்."

"சொல்லுங்க."

"யாராச்சும் ஒரு கல்லக் கொண்டாந்து மேல வெச்சா, அதயும் மலைக்கணக்குல சேத்துக்குவீங்களா?"

"சேர்க்கக் கூடாது அண்ணே. மலையோட ஒட்டின பாறையைத்தான் எடுக்கணும்."

அவர் எழுந்து வந்தார். சுத்தியலை உருவி, முதலில் எங்கள் காலடியில் இருந்த பாறையைத் தட்டினார். கணீரென்றது. பிறகு முக்காலிக்குக் கீழே இருந்த அந்தக் கல்லைத் தட்டினார். சத்தம் தொப்பென்று விழுந்தது.

"இது மலை இல்ல சார்."

கருவியின் உயரத்தை மூன்று முறை அளந்தவன், கருவி எதன் தலையில் நிற்கிறது என்று ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை. ஜெபல் அலியில் கம்பு, இங்கே கல். கோபம் வந்தது, என்மேல்தான். ஒரு நிமிஷம், இத்தனை மண் ஏறிய பிறகு இதுவும் மலைதானே என்று ஒரு சமாதானமும் உள்ளே எழுந்தது. அதை அப்படியே அமுக்கினேன்.

"எப்படித் தெரியும் அண்ணே? பார்த்ததும் தெரிஞ்சுதா?"

"பாக்குறப்பத் தெரியல. நீங்க நம்பரு படிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு." கல்லின் பக்கவாட்டில் இருந்த ஒரு கீறலைத் தடவினார். "இது நான் வெச்சது சார். வந்த புதுசுல, நானும் கூட வேல பாத்த செபாஸ்டினும். அவரு இப்பக் குவைத்துல, ஃபஹாஹீல்ல இருக்காரு. தரையில உக்காந்தா கடல் தெரியாது, அந்த விளிம்பு மறைக்கும். கப்பலு பாக்கணும்னு கடப்பாரையக் கொண்டாந்து, கீழேருந்து பொரட்டிப் பொரட்டி ஏத்துனோம். அரை நா ஆச்சு."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எம் மககிட்ட சொல்லணுமே சார்."

மணி 12.55. சூரியன் மறைய ஐந்து மணி நேரம்கூட இல்லை, இறங்க மூன்று மணி நேரம் வேண்டும். தண்ணீர் நாலு லிட்டர் மிச்சம். கல்லை நகர்த்திவிட்டு அரை மணி நேரம் மட்டும் அளந்தால் போதாதா என்று அண்ணன் கேட்டார். போதாது என்றேன். முதல் அளவுக்கு எவ்வளவோ, இதற்கும் அவ்வளவு.

கல்லைச் சுற்றி மண்ணைச் சுத்தியலின் பின்புறத்தால் கிண்டினோம். இரண்டு பேரும் முதுகைக் கொடுத்துத் தள்ளினோம். மூன்றாவது தள்ளலில் புரண்டது. அடியில் இரண்டு தேள்கள், எங்களைவிட அதிகமாக அதிர்ந்துபோய் ஓடின. அதற்கடியில் வெள்ளையாக மலையின் சொந்தப் பாறை. நான் கேட்காமலே அவர் தட்டினார். கணீரென்றது. உச்சியில் இருந்த மற்ற மேடுகளையும் ஒவ்வொன்றாக மட்டம் பார்த்தேன், எல்லாம் இதற்குக் கீழேதான். 1.15-க்கு மறுபடி முக்காலி. மறுபடி மூன்று முறை டேப். மறுபடி ஒரு மணி நேரம்.

2.15. எண் 999.78.

கல்லின் தடிமனை டேப்பால் பார்த்தேன். 31 சென்டிமீட்டர். கருவியும் டேப்பும் ஒரே பேச்சு. அளவு சரி. இனி இதை யாரும் மாற்ற முடியாது.

"இருபத்திரண்டு சென்டிமீட்டர் குறையுது அண்ணே" என்றேன். ஒரு சாண் அளவு. அவர் கையை விரித்து ஒரு சாணைப் பார்த்துக்கொண்டார். முகம் வாடிவிட்டது, மறைக்கவும் இல்லை. பிறகு கைகளைத் தட்டிவிட்டு, "வாங்க சார், கல்ல இருந்த எடத்துல வெச்சுருவோம். வர்றவன் உக்காரணும்ல" என்றார்.

வைத்தோம். அவர் அதில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன், விளிம்புதான் தெரிந்தது. நகர்ந்து எனக்கும் பாதி இடம் விட்டார். கடல் தெரிந்தது, நங்கூரம் போட்ட ஏழு கப்பல்களும். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அளந்தாச்சு. உன் ரெண்டு மேப்பும் தப்பு. ஆயிரம் இல்ல, ஒரு சாண் கொறச்சல்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. "ஆமா, அப்பா சொன்னதும் தப்புதான்." மறுபடி கேட்டது. "இப்ப ஒரு கல்லு மேல உக்காந்திருக்கேன். அந்தக் கல்லோட சேத்தா ஆயிரம் வருது. கல்லு நான் வெச்சது."

2.40-க்கு இறங்கத் தொடங்கி 5.35-க்கு ஆபீஸ் முற்றத்து ஆணியருகே வந்து சேர்ந்தோம். முழங்கால் இரண்டும் என்னுடையவை அல்ல. வாசலில் கான் பாய், போர்டை மாற்ற வேண்டுமா என்று சைகையில் கேட்டார். திங்கட்கிழமை ஆபீஸுக்கு எழுதுகிறேன் என்றேன். திருச்சியில் மலைக்கோட்டையில் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன். அதன் உயரம் என்ன என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஊர் மலை அங்கேயே இருக்கும், நாமும் இருப்போம் என்ற நினைப்புதான். இங்கே எல்லோரும் கிளம்புகிறவர்கள். எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று ஒரு சரியான அளவு வேண்டியிருக்கிறது.

காரில் ஏறும்போது அண்ணன் ஜன்னலருகே வந்தார்.

"அந்த நம்பர ஒரு தாளுல எழுதிக் குடுங்க சார். வாயால சொன்னா பாப்பா நம்பாது. கீழ கையெழுத்தும் போட்டுருங்க."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். மலை 999.78 மீட்டர் என்று ஒரு வரி. அதன் கீழே, முருகேசன் வைத்த கல் 0.31 மீட்டர் என்று ஒரு வரி. இரண்டையும் கூட்டி எழுதவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு, ஒரு உயரத்துக்கு அடியில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.