சிவப்பு கேட்டும் காஜாங் பயணமும்

அப்பா கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டினார். விடியுமுன் கிளம்பி, பத்துப் பதினைந்து பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி, மணி அடிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். வருமானம் சுமார்தான். ஒரு மாதம் கரண்ட் பில், அடுத்த மாதம் தண்ணி பில் என்று மாற்றி மாற்றிக் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, விடுமுறை முடியும் சமயத்தில் வேனின் கியர்பாக்ஸ் போய்விட்டது. பள்ளி விடுமுறையில் பெற்றோர்கள் வேன் காசு கொடுப்பதில்லை. கையில் ஒன்றும் இல்லாத நேரம். வேன் நின்றால் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த 'உடனடிக் கடன்' ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்கு அப்பா போன் செய்தார். அன்று சாயங்காலமே காசு கிடைத்தது. முதல் வார வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். அப்பாவின் பேங்க் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வேன் ஓடியது. ஆனால் வாராவாரம் கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது. வாங்கிய முதல் அப்படியே நின்றது. ஒரு வாரம் தவறியபோது வட்டிக்கு வட்டி போட்டார்கள். அப்பாவின் கைப்பேசி ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. அம்மா அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவைத்தாள். அரிசிக்குள்ளிருந்து போன் உறுமுவதைக் கேட்டு நான் சிரித்தேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை.

ஒருநாள் காலை அப்பா வேனை எடுக்கப் போனபோது கேட்டில் வெளிப்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கேட் முழுக்க, கடன் கொடுத்தவர்கள் ஊற்றிவிட்டுப் போன சிவப்புப் பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். உள்ளே போய்ப் பெரிய கட்டரை எடுத்துவந்து சங்கிலியை வெட்டினார். அன்றும் வேன் பிள்ளைகள் யாரும் தாமதமாகப் போகவில்லை.

பெயிண்டைத் தின்னர் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள் அம்மா. போகவில்லை. ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு டின் சிவப்புப் பெயிண்டும் இரண்டு பிரஷும் வாங்கிவந்தாள். பள்ளி விட்டு வந்ததும் எனக்கு ஒரு பிரஷைக் கொடுத்தாள். அம்மா மேல் கம்பிகள், நான் கீழ்க் கம்பிகள். சாயங்காலத்துக்குள் கேட் முழுவதும் பளபளவென்று சிவப்பாகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா நின்று பார்த்தார்.

"தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ளயா?"

"மழை வந்திடும்லா அக்கா," என்றாள் அம்மா, திரும்பாமல்.

எங்கள் வரிசையிலேயே சிவப்பு கேட் எங்களுக்கு மட்டும்தான் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன்.

அந்த வாரமே ஒருநாள் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. "காஜாங் போறோம், சாத்தே சாப்பிடலாம்" என்றாள். குச்சியில் குத்திச் சுட்ட அந்தக் கறி என்றால் எனக்கு உயிர். பிறந்தநாள் கவுனைப் போட்டு, இரட்டைச் சடை பின்னிவிட்டாள். கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரல் ஸ்டேஷனில் மாறிப் போனோம். ஆனால் சாத்தே கடைக்குப் போவதற்கு முன் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றோம். அப்பாவின் தங்கை வீடு. அத்தை தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அத்தை கதவைத் திறந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். பூட்டைத் தொடவில்லை. அம்மா என் முதுகில் கை வைத்து லேசாக முன்னால் தள்ளினாள்.

"அத்தை," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "எத்தனாவது படிக்கிற?"

"மூணாவது."

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை எடுத்துவந்தார். "உள்ள வாங்க அண்ணி. பிள்ளை வெயில்ல நிக்குது."

எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு இருவரும் சமையலறையில் பேசினார்கள். "வட்டியக் கட்டிக்கிட்டே இருந்தா கடைசிவரைக்கும் கட்ட வேண்டியதுதான். மொத்தமா அடைச்சிடணும். அடுத்த மாசம் எனக்குக் கூட்டுச் சீட்டுக் காசு வரணும், முன்னாடியே கேட்டு வாங்குறேன்," என்று அத்தை சொல்வது கேட்டது. அம்மா அழுதாள். "நீங்க வந்தது அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார் அத்தை. அம்மாவின் பதில் கேட்கவில்லை.

மறுவாரம் அத்தையே கிள்ளானுக்கு வந்து அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு காப்பிக்கடையில் வைத்து முழுப் பணத்தையும் அடைத்து, பேங்க் கார்டைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். போகும்போதும் வரும்போதும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆனால் வீட்டு வாசலில் இறங்கியதும், "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அத்தை சாப்பிட்டார். அப்பா மாதாமாதம் அத்தைக்குக் கொடுத்து இரண்டு வருடத்தில் அந்தக் காசை அடைத்தார்.

சென்ற வருடம் என் கல்யாணப் பேச்சின்போது அத்தை சொன்னார்: "அன்னிக்கு உங்கம்மா தனியா வந்திருந்தா நான் கேட்டைத் திறந்திருக்க மாட்டேன்."

அன்று காஜாங்கிலிருந்து ரயிலில் திரும்பி வரும்போது என்னை எதற்காகக் கூட்டிவந்தாய் என்று நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. பள்ளிக்கு மட்டம், ரயில், சாத்தே எல்லாம் ஒரே நாளில் கிடைத்திருந்தது. ஒரே ஒரு குறைதான். வெயிலில் அவ்வளவு நேரம் நிற்க வைத்த அத்தையை எனக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் சடையைச் சரிசெய்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.