அருளம்பலத்துக்கு ஒரு திதி

பஞ்சலிங்கம் சுகமில்லாதவர்களைப் பார்க்கப் போனால் அந்த வீட்டார் சற்றுக் கலங்குவார்கள். ஒருமுறை காய்ச்சலில் கிடந்த தம்பிஐயாவுக்குத் தோடம்பழம் கொண்டுபோனாராம். கிழவர் போர்வைக்குள் இருந்தபடியே, "இன்னும் நேரமிருக்கு. கொப்பியை வீட்டிலை வைச்சிட்டு வா" என்றாராம்.

வல்வெட்டித்துறையில் எங்கள் ஒழுங்கையில் யார் இறந்தாலும் பஞ்சலிங்கம் தன் கொப்பியில் எழுதிவைப்பார். பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி. அவருடைய தகப்பன் இறந்தபோது அவர் கப்பலில் இருந்தார். ஊர் திரும்பியதும் தாய் ஒரு திதி சொன்னார், மாமன் வேறொன்று சொன்னார். அதன் பிறகுதான் கொப்பி வாங்கினார்.

செத்தவீட்டுக்குப் போனால் ஒரே கேள்விதான் கேட்பார்: "மூச்சு எத்தினை மணிக்கு நிண்டது?" திதி நடுப்பகலிலும் மாறும் என்பதால் நேரம் தெரியாமல் எழுதமாட்டார். தான் போகாத வீட்டுச் சாவையும் எழுதமாட்டார். திவசம் நெருங்கும்போது சனம் வந்து அவரிடம் கேட்டுப்போகும்.

ஒரு மார்கழிப் புயலில் மூன்று பேர் போன வள்ளம் கவிழ்ந்தது. இரண்டு உடல்கள் கரையொதுங்கின. மூன்றாமவரான அருளம்பலத்தின் உடல் வரவில்லை. அவருடைய தமையன் முத்துக்குமாரு, புயலடித்த நாளின் திதியையே கொப்பியில் போடச் சொல்லி வந்து நின்றார். அருளம்பலத்தின் மனைவி இராசமலரோ பொட்டை அழிக்கவில்லை. வீட்டில் அழுகுரலும் எழவில்லை. சாவைக் கண்ட ஆள் ஒருவரும் இல்லையே என்று பஞ்சலிங்கம் மறுத்துவிட்டார்.

"நீ என்ன, யமன்ரை கிளாக்கரோ?" என்று கேட்டுவிட்டுப் போன முத்துக்குமாரு, அதன் பிறகு அவரோடு கதைக்கவேயில்லை.

ஆண்டுகள் போயின. நான் ஊர் ஊராக அலைந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். நான் இல்லாத காலத்தில் இறந்துபோன என் அப்பாவின் திதியைக் கேட்கப் பஞ்சலிங்கத்திடம் போனேன். அவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருக்கையில் வாசல் படலை திறந்தது. இராசமலர். தலை நரைத்திருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது.

"அவரின்ரை பேரை எழுதுங்கோ அண்ணை" என்றார்.

பஞ்சலிங்கம் உடனே பேனையை எடுக்கவில்லை. ஏன் இப்போது என்று மெல்லக் கேட்டார்.

"ஊரிலை செத்த எல்லாருக்கும் படைக்கினம். இருக்கிறார், இருக்கிறார் எண்டு நானிருக்க, அந்த மனுசன் பசியோடை திரியுதோ தெரியாது."

நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகலாம் என்றார் அவர். இராசமலர் தலையசைத்து மறுத்தார். அது ஊருக்கெல்லாம் பொது, தன் மனிதருக்கென்று ஒரு நாள் வேண்டும் என்றார்.

"அப்ப, புயலடிச்ச நாளைப் போடவோ?"

"அண்டைக்கு அவர் எனக்குச் சாகேல்லை. இண்டைக்குத்தான்."

பஞ்சலிங்கம் கொப்பியை மூடினார். எழுதமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால், எல்லாச் செத்தவீட்டிலும் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"எத்தினை மணிக்கு, பிள்ளை?"

இராசமலர் படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உங்கடை படலையைத் திறந்த நேரம்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டார். பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. உள்ளே போய், செத்தவீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நட பிள்ளை, வீட்டை போவம். போயிட்டு வந்துதான் எழுதவேணும்."

என் அப்பாவின் திதியைப் பிறகு கேட்கலாமென்று நானும் அவர்கள் பின்னால் நடந்தேன். வழியில் முத்துக்குமாருவின் வீட்டுப் படலையில் பஞ்சலிங்கம் நின்றார். இத்தனை ஆண்டுக்குப் பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.